பெயர் யாருக்கு, பங்கு யாருக்கு?

மனைவி பெயரில் கம்பெனிப் பங்கு வாங்கிய அன்பர் ஒருவர், "ஸகாத் யார் மீது?" என வினவுகிறார். ஹிபாவாக ஒப்படைத்திருந்தால் மனைவி மீது; வெறும் பெயருக்கென்றால் இவர் மீது. இதில் சிக்கலில்லை.

நாளை இவர் மவுத்தாகிவிட்டால்? பிள்ளைகளுள்ள மய்யித்தின் தாயாருக்கு ஆறிலொன்று உண்டு. ஏட்டில் மகன் பெயரே இல்லாத பங்கை அந்த மூதாட்டி எப்படிக் கேட்பார்?

2013-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம், 89-ஆவது பிரிவு, பெயருக்குரியவரும் உண்மை உரிமையாளரும் 30 நாட்களுக்குள் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டுமென்கிறது. உரிமையாளர் அறிவிக்கத் தவறினால் அவரோ, அவர் வழியாகக் கோருவோரோ அவ்வுரிமையை நிலைநாட்ட முடியாது. தாயாரும்தான்!

"அல்லாஹ் அறிவானே" என்கிறார் அன்பர். அறிவான்தான். கடனை எழுதி வைக்கும்படி (2:282) ஏவியவனும் அவனே. வரிக்கு அஞ்சி மறைப்போர் கதை வேறு. இவர் அசட்டையாக இருந்துவிட்டவர். இன்னும் அறிவிக்கவில்லையாம்.