கோடு எங்க, தம்பி?

காலிமுகத்திடலில் வெயில் ஏறிவிட்டது. பத்துக் கிலோமீற்றர் ஓடி முடித்து, கழுத்தில் பதக்கத்தோடு செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கூட்டத்தில் பதினொரு பேர் வந்து சேர்ந்துவிட்டோம். அக்கா மட்டும் பாக்கி. முடிவுக் கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவு மெல்லச் சுருங்கித் தரையில் படுத்தது. இரண்டு பையன்கள் நேரம் பதியும் விரிப்பைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினார்கள். பதக்கப் பெட்டி லொறியில் ஏறியது. அப்போதுதான் தூரத்தில் அக்காவின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. ஓடி வந்தவர் எங்கள் பக்கத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

“கோடு எங்க, தம்பி?” என்றார்.

நாங்கள் பிலிமத்தலாவையில் கூடி ஓடுகிறவர்கள். ஞாயிறு விடியலில், கண்டி வீதியின் பித்தளைக் கடைகள் திறக்கும் முன்பே தவுலகல வீதியில் இறங்கிவிடுவோம். 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரைப் பக்கமாகப் போய், எம்பக்க வரை ஓடித் திரும்புவோம். ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர், ஓட்டோ சாரதி என்று எல்லோரும் உண்டு. பதிவோ பெயர்ப்பலகையோ கிடையாது. இருப்பது ஒரே ஒரு வழக்கம்: மேட்டின் உச்சியை முதலில் தொட்டவர் திரும்பி இறங்கி, கடைசியாக வருகிறவரோடு மறுபடி ஏறவேண்டும். இதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூட அது தவறியதில்லை.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கம்பளைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருவார். சீனி வருத்தத்துக்காக நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, மூன்று வருடமாக எங்களோடு ஓடுகிறார்.

கடற்கரை ஓட்டம் என்றதும், மேடே இல்லை, சுலபம் என்றுதான் நினைத்தோம். மலைக்காரருக்கு அது வேறு உலகம். பிலிமத்தலாவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விடியலில் குளிர் இருக்கும். கொழும்பிலோ சூரியன் வருமுன்பே காற்று ஈரத்தால் கனத்திருந்தது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். அங்கே அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சூடு உள்ளேயே நிற்கும். அதைத் தணிக்க இரத்தம் தோலுக்குப் போகப் போக, கால்களுக்குக் குறையும். மேடு இருந்தால் வேகம் தானாக அடங்கும். சமதரையில் அடக்க யாருமில்லை. முதல் மூன்று கிலோமீற்றரைப் பறந்து கடந்த நான், ஏழாவதில் நடந்தேன். அக்கா எங்கும் நடக்கவில்லை. தொடங்கிய வேகத்திலேயே கடைசிவரை ஓடினார். எங்கள் எல்லோரிலும் நிதானமாக, அறிந்து ஓடியவர் அவர்தான். ஆனால் ஒன்றரை மணித்தியாலத்தோடு கணக்கு மூடப்பட்டது. அவருக்கு 1 மணித்தியாலமும் 42 நிமிடங்களும் ஆனது.

ஓட்டத்தை நடத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீதியை எவ்வளவு நேரம் மறித்து வைப்பது? பொலிசாரும் அம்புலன்சும் எத்தனை மணிவரைதான் காத்திருப்பது? வீதி திறக்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்திலேயே புல்வெளி இருந்தது. 1859இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், நகர மக்கள் காற்றுவாங்கி நடக்கவென்று அமைத்த கடலோர நடைபாதை அங்கே இருக்கிறது. வீதியைத் திறந்துவிட்டு, கோட்டை மட்டும் பத்தடி தள்ளிப் புல்லில் வைத்திருக்கலாம். ஓர் ஆள், ஒரு கடிகாரம், ஒரு பதக்கம். அவ்வளவுதான் செலவு.

ரணதுங்க கருணானந்தவை நினைத்துக்கொள்கிறேன். 1964 ஒக்டோபர் 14, தோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர் ஓட்டம். மொத்தம் 25 சுற்றுகள். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் தங்கம் வென்றார். எல்லோரும் ஓடி முடித்த பிறகும், 67ஆம் இலக்கத்தை அணிந்த இலங்கை வீரர் ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தார். முதலில் கூட்டம் கேலி செய்தது. அவர் நிற்காமல் ஓடுவதைக் கண்டதும் கேலி அடங்கியது. அவர் கடைசிக் கோட்டைத் தொட்டபோது அரங்கம் முழுவதும் கைதட்டியது. அவருடைய கதை ஜப்பானியப் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தது. கருணானந்தவின் மனவுறுதியைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு இன்னொன்றும் தெரிகிறது: அவர் வரும்வரை அங்கே கோடு இருந்தது. அதை யாரும் சுருட்டிவிடவில்லை. விடாமுயற்சியை ஒருவரிடம் கேட்பது சுலபம். அவர் வந்து தொடுவதற்கு ஓர் இடத்தை விட்டுவைப்பது மற்றவர்களின் பொறுப்பு.

இப்படி மூடப்படும் கோடுகள் எனக்குப் புதிதல்ல. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாலையில் நிறுக்கும்போது சொன்ன கிலோ இல்லையென்றால் அரைப்பேர். முழுநாள் மலையேறி நின்றவருக்குப் பாதி நாள்தான் கணக்கில் விழும். அரைப்பேர் விழுந்த நாளில் அம்மா பேசாமல் கூடையைச் சுவரில் சாத்தும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு நான் படித்தேன். அங்கேயும் கோடுகள். பத்து வயதில் புலமைப்பரிசில். உயர்தரப் பரீட்சையில் மூன்று தடவைக்குள் எடுத்த பெறுபேறுதான் அரச பல்கலைக்கழகத்துக்குச் செல்லும். இடம் குறைவான நாட்டில் சில கோடுகளைத் தவிர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தவிர்க்க முடியாத கோடு எது, பழக்கத்தால் போடுகிற கோடு எது என்று நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

நானும் பார்த்ததில்லை. நான் படிப்பிக்கும் தரம் எட்டில் மெதுவாக எழுதும் ஒரு பிள்ளை இருக்கிறாள். மணி அடித்ததும் விடைத்தாளை அவள் கையிலிருந்து இழுத்து எடுத்திருக்கிறேன். அது பரீட்சைத் திணைக்களத்தின் பரீட்சை அல்ல, நான் வைத்த வகுப்புச் சோதனை. அடுத்து வந்தது இடைவேளைதான். அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் உலகத்தில் எதுவும் பிந்திப் போயிருக்காது. இப்போது கொடுக்கிறேன். அவள் கூடுதலாக எழுதும் நான்கு வரி சரியோ பிழையோ, அவள் விடை அங்கேதான் முடிகிறது.

அன்று காலிமுகத்திடலில் என்னை அதிகம் சுட்டது கழற்றப்பட்ட வளைவு அல்ல. ஒவ்வொரு ஞாயிறும் மேட்டிலிருந்து திரும்பி இறங்குகிறவன், அன்று இறங்கவில்லை. பதக்கம் கழுத்தில் விழுந்ததும் என் வேலை முடிந்தது என்று நின்றுவிட்டேன். வேறு யாரோ போட்ட கோடு எனக்கு “முடிந்தது” என்று சொன்னது. எங்கள் வழக்கத்தை நான் மறந்துபோனேன். வாழ்க்கையிலும் அப்படித்தான் நடக்கிறது. வேலை கிடைத்ததும், வீடு கட்டியதும், பிள்ளை கரையேறியதும் யாரோ ஒரு பதக்கத்தை மாட்டிவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர்களோடு நமக்கிருந்த ஒப்பந்தம் அங்கே அறுந்துபோகிறது.

அக்காவின் கேள்விக்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஓட்டோ சாரதித் தம்பி தோளில் கிடந்த துவாயை எடுத்து, நீளமாக முறுக்கித் தரையில் போட்டான். “இங்க இருக்கு அக்கா” என்றான். அக்கா சிரிக்கவில்லை. நிமிர்ந்து, வந்த வழியே இருபது அடி திரும்பி நடந்தார். இந்தமுறை நானும் கூடப் போனேன். அங்கிருந்து இருவரும் சேர்ந்து ஓடி வந்து, ஈரத் துவாயைத் தாண்டினோம்.