போகத்தின் அளவும் கணினித் திரையும்

சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தார்க்கு வகுத்தருளிய பன்னிரு விரதங்களை அருங்கலச்செப்பின் வாயிலாக நம் இல்லங்களில் இளமையிலேயே கேட்டு வளர்ந்தோம். அவற்றுள் கொல்லாமையும் கள்ளாமையும் எந்நாளும் பேசப்படுவன. குணவிரதங்களாகிய அனர்த்த தண்ட விரதமும் போகோபபோக பரிமாண விரதமும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பயனின்றி உயிர்களுக்குத் தீங்கிழைப்பதை விலக்குதல் முன்னது. ஒருமுறை நுகர்ந்து தீர்வனவாகிய போகங்களுக்கும், மீண்டும் மீண்டும் நுகர்வனவாகிய உபபோகங்களுக்கும் நாமே ஓர் எல்லை வரைந்து கொள்ளுதல் பின்னது. உணவும் மலரும் முதல் வகை. ஆடையும் அணிகலனும் இரண்டாம் வகை என்பது பழைய உரை. கணினி எவ்வகை? இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவன் என் மகள் வயிற்றுப் பேரன்.

திருவொற்றியூரில் எங்களுடன் தங்கிப் பொறியியல் பயிலும் அவனுக்குக் கணினியில் விளையாடும் பழக்கம் உண்டு. படிப்பிலும் குறைவில்லை, ஆதலின் நான் தடுத்ததில்லை. அவனுடைய கணினியிலுள்ள ஜிடிஎக்ஸ் 1650 என்னும் கிராபிக்ஸ் கார்டு 2019-இல் வெளிவந்த வகை. புதிய விளையாட்டுகளை உயர்ந்த காட்சித் துல்லியத்தில் ஆட அது போதவில்லை என்றும், வேறு கார்டு வாங்கப் பணம் வேண்டும் என்றும் கேட்டான். தொகை சிறிதன்று. கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யுமுன் அப்பொருள் இன்னதென்று அறிய விரும்பினேன். அவனும் பொறுமையாக விளக்கினான்.

கணினித் திரை சிறுசிறு புள்ளிகளால் ஆனது. இன்று பலர் வைத்திருக்கும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. ஆக 20,73,600 புள்ளிகள். அடுத்த படியில் 2560-க்கு 1440, 36,86,400 புள்ளிகள். அதற்கும் மேலான 4கே என்பதில் 82,94,400 புள்ளிகள். இப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய நிறத்தைக் கணக்கிட்டுத் தருவதே கார்டின் தொழில். நொடிக்கு 60 படம் என்றால் 4கே திரைக்கு ஒரு நொடியில் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளைத் தீட்டியாக வேண்டும். திரையின் புள்ளிகள் கூடக் கூடக் கார்டின் வலிமையும், அது உட்கொள்ளும் மின்சாரமும், அதன் விலையும் கூடுகின்றன. அவனிடமுள்ள கார்டு 75 வாட்டில் இயங்குவது. 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட். அதே ஆண்டின் 4070-க்கு 200. 2022-இல் வந்த 4090-க்கு 450. 2025-இல் வந்த 5090-க்கு 575. கடைசியாகச் சொன்னதன் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். அவன் மனம் நாடியது 4090-ஐ. பழையதாகக் கிடைத்தாலும் போதும் என்றான்.

கண்ணின் ஆற்றலுக்கு இயற்கையே ஓர் அளவு வைத்திருக்கிறது. குறையற்ற சராசரிக் கண் ஒரு பாகையை அறுபதாகப் பகுத்ததில் ஒரு கூறு வரையிலுமே நுண்மையைப் பிரித்தறியும் என்பர். எழுபது சென்டிமீட்டர் தொலைவில், அதாவது மேசைக்கு முன் அமர்ந்து பார்க்கும் தொலைவில், அக்கூறு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அவனுடைய 24 அங்குலத் திரையின் அளவில் 1440 வரிசைத் திரையை எடுத்துக்கொண்டால் ஒரு புள்ளியின் அகலமும் அதே ஐந்தில் ஒரு பங்குதான்! அதற்குமேல் புள்ளிகளை நெருக்கினால் கூரிய பார்வையுடையோர் சிறிது வேறுபாடு காணலாம். மற்றையோர் காண்பது அரிது. இதை நாங்கள் இருவரும் தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் 32 அங்குலத் திரை வாங்கினால் சரியாகிவிடும், தாத்தா" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். ஆயினும் அது சிரித்து விடத்தக்க சொல்லன்று. கார்டுக்கேற்ற திரை, திரைக்கேற்ற கார்டு, இரண்டிற்கும் ஈடுகொடுக்கும் மின்வழங்கிப் பெட்டி, அனைத்தும் கக்கும் வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனம் என ஒன்று மற்றொன்றை அழைத்துவரும். கார்டு உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே அறையில் இறங்குகிறது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் கதவடைத்த அறைக்குள் 450 வாட் அடுப்பொன்றை மூட்டி வைத்தது போன்றது அது.

அடுப்பு என்றேன். உண்மையான அடுப்பு எங்கள் வீட்டிற்கு வடக்கே எரிகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே முகத்துவாரத்திற்கு அப்பால் வடசென்னை அனல்மின் நிலையமும், 1500 மெகாவாட் திறனுடைய வல்லூர் நிலையமும் உள்ளன. ஒடிசாவின் தால்சேர்ச் சுரங்க நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. எரிந்த சாம்பல் நீரில் குழம்பாகக் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளங்களுக்குச் செல்கிறது. அக்குழாய்கள் கசிந்தும் வெடித்தும் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்த செய்தி பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் ஆற்றின் ஆழம் குறைந்து இறாலும் நண்டும் அருகியதைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். மீன்பிடித்தல் நமக்கு உடன்பாடான தொழில் அன்றுதான். ஆயினும் வலையில் அகப்படும் உயிருக்கு இரங்கும் நாம், வலையே வீசாமல் சேற்றில் புதையுண்டு மாய்கின்ற எண்ணிலா ஈரறிவு, மூவறிவு உயிர்களுக்கு இரங்காதிருத்தல் தகுமோ?

கணக்கிற்கு வருவோம். 115 வாட் கார்டுக்கும் 450 வாட் கார்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 335 வாட். முழு வேகத்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட். ஆண்டிற்கு ஏறத்தாழ 365 யூனிட். அதனை முழுவதும் உள்நாட்டு நிலக்கரியில் பெறுவதானால் யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 250 கிலோ நிலக்கரி எரியும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 கிலோ அளவில் சாம்பலாகும். நம் மாநில மின்சாரத்தில் காற்றாலையும் கதிரொளியும் அணுவும் கலந்திருப்பதால் உண்மை அளவு இதனினும் குறைவு. ஆனால் ஒரு மூட்டைக்கு மேற்பட்ட சாம்பலைத் தன் அறை மூலையில் குவித்ததாக எண்ணிப் பார்க்கும்படி அவனிடம் சொன்னேன்.

பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீயை மூட்டுதல், காற்றை வீசுதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்று அனர்த்த தண்டத்தின் ஐந்து வகைகளுள் ஒன்றாக ஆசாரியர் வைத்தார். நிலக்கரி மின்சாரத்தில் அகழ்தலும் நீரும் தீயும் காற்றும் ஒருங்கே அமைந்துள்ளன. விளையாட்டே பயனற்றது எனத் துறவியர் கூறலாம்; இல்லறத்தான் கூற இயலாது. களிப்பும் ஓய்வும் இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டவை அல்ல. கண்ணே காணாத நுண்மைக்காக எரிப்பதுதான் பயனின்மை என்பது என் கருத்து. ஆக, கார்டு உபபோகம்; பல்லாண்டு பயன்படும். அது குடிக்கும் மின்சாரமோ போகம்; நொடிதோறும் எரிந்து தீர்வது. விலையை மட்டும் பார்ப்பவர் உபபோகத்திற்கு அளவு வைத்துப் போகத்திற்கு அளவு வைக்க மறந்துவிடுகின்றனர்.

இன்னொரு ஐயமும் உண்டு. அதனை நான் எளிதில் கடக்க இயலவில்லை. அவன் ஆடும் விளையாட்டுகளுட் பல துப்பாக்கி ஏந்தியவை. யசோதர காவியக் கதையை நம் குடும்பங்களில் அறியாதார் இல்லை. உயிர்ப்பலிக்கு இசையாத அரசன், தாயின் சொல்லைத் தட்டமாட்டாமல் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். கொல்லப்பட்ட உயிர் ஒன்றுமில்லை. ஆயினும் தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். திரவிய இம்சை இல்லாவிடத்தும் பாவ இம்சை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை. அவ்வாறாயின் திரையிற் சுடப்படும் உருவம் மாக்கோழியா? படம் எவ்வளவு தெளிவாகிறதோ அவ்வளவுக்கு வினையும் கனக்குமா?

பலநாள் எண்ணியபின் அவ்வாறு துணிய என்னால் இயலவில்லை. யசோதரன் உயிருள்ள கோழிக்கு ஈடாகவே மாக்கோழியை வெட்டினான். பலியின் பயனையும் வேண்டினான். அங்கே கொலையின் சங்கற்பம் முழுமையாக இருந்தது. என் பேரன் வேண்டுவது வெற்றி. சதுரங்கத்தில் யானையை வெட்டுவதாகச் சொல்பவனை யாரும் கொலைகாரன் என்பதில்லை. ஆனால் பிறருக்கு வதையும் அழிவும் நேர வேண்டும் என்று பகையால் எண்ணுதலை அபத்தியானம் என்று நூல் விலக்குகிறது. ஆட்டம் முடிந்தபின்னும் தோற்கடித்தவன்மேல் சினம் தங்குகிறதா, குருதி தெறிப்பதைக் காண்பதில் உள்ளம் களிக்கிறதா என்பதை ஆடுபவன் ஒருவனே அறிவான். இதை அவனிடம் கேட்டேன். விடையை என்னிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன்.

அவனாகச் சொன்ன செய்தி வேறொன்று. நண்பன் ஒருவன் வீட்டில் 4கே திரையைக் கண்ட நாள்முதல் தன்னுடைய கணினி தனக்கு அழுக்காகத் தோன்றுகிறது என்றான். முந்தைய நாள்வரை அதே கணினியில் மகிழ்ந்திருந்தவன் அவன்! பொருள் வரையறை விரதத்தின் குற்றங்களுள் அதிவிஸ்மயம் என்று ஒன்றைச் சொல்வார்கள். பிறர் செல்வம் கண்டு மிக வியத்தல் என்று அதற்குப் பொருள் கூறுவதுண்டு. வியத்தல் எவ்வாறு குற்றமாகும் என்று இளமையில் எனக்கு விளங்கியதில்லை. அன்று விளங்கியது.

இக்கருவிகளில் எனக்குப் பிடித்த அமைப்பு ஒன்றும் உண்டு. நொடிக்கு 60 படத்திற்குமேல் தீட்டாதே என்று கார்டுக்கு எல்லை வகுக்கலாம். இத்தனை வாட்டுக்குமேல் உட்கொள்ளாதே என்றும் குறைக்கலாம். அவன் தன் பழைய கார்டிலேயே இதனைச் செய்து காட்டினான். காற்றாடியின் இரைச்சல் உடனே தணிந்தது. பரிமாண விரதத்தைப் பொறிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கண்டு பயன்படுத்துவோர் சிலரே.

இவ்வளவும் பேசி முடித்தபின் அவன் கேட்டான்: "தாத்தா, உங்கள் அறையில் இரவெல்லாம் ஏசி ஓடுகிறதே, அது எத்தனை யூனிட்?"

மறுநாள் இரவும் காலையும் மீட்டரைப் பார்த்துக் குறித்தான். வீட்டின் மற்றச் செலவைக் கழித்தபின் ஆறு யூனிட்டுக்கு மேல் வந்தது. 450 வாட் கார்டு மூன்று மணி நேரத்தில் உட்கொள்வது ஒன்றரை யூனிட் கூட இல்லை. என் முதுமையையும் வெக்கையையும் காரணம் காட்டலாம் என்று வாயெடுத்தேன். பின் அடக்கிக்கொண்டேன்.

தசலட்சண பருவத்தில் இருவரும் தனித்தனித் தாளில் எழுதினோம். 1440 வரிசைத் திரை, 200 வாட்டுக்கு மேற்படாத கார்டு, நொடிக்கு 60 படம், நாளுக்கு இரண்டு மணி, ஐந்தாண்டுகளுக்கு மாற்றமில்லை என்பது அவனுடைய தாள். பழைய கார்டு அவன் அத்தை மகனுக்குச் செல்லும். இருபத்தேழு பாகைக்குக் கீழே வைப்பதில்லை, நள்ளிரவுக்குப்பின் மின்விசிறி மட்டுமே என்பது என்னுடையது. இரண்டு தாள்களும் பூசை அலமாரியில் ஸ்ரீபுராணத்தின் பக்கங்களுக்கிடையே இருக்கின்றன. அவனுடையதில் இதுவரை அடித்தல் திருத்தல் இல்லை. என்னுடையதில் மே மாதத்திற்கு நேராக ஒன்று இருக்கிறது.