தெரிந்தவனின் கடன்

இலவசமாகக் கொடுத்த பொருளில் ஓட்டை இருந்தால் கொடுத்தவர் பொறுப்பா? 'சும்மா கிடைச்சதுக்கு என்ன கேள்வி வேண்டிக்கிடக்கு' என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். லினக்ஸ் கெர்னலின் உரிமமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது: இந்த நிரலுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது அது. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் ஓடுவதும் அதுதான். சட்டப்படி அவர் உங்களுக்கு ஒன்றும் கடன்படவில்லை.

ஆனால் ஒரு பழைய பிழையின் கதை இந்தப் பதிலோடு என்னை நிற்கவிடவில்லை.

கெர்னலில் ஒரு சிக்கன ஏற்பாடு உண்டு. ஒரே கோப்பைப் பலர் படித்தாலும் நினைவகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். யாராவது தனக்கென்று அதில் மாற்றி எழுதப்போனால், அப்போதுதான் அவருக்குத் தனி நகல் கிடைக்கும். இந்த வேலைக்கு நடுவே நூலிழை அளவு இடைவெளி ஒன்று இருந்தது. சரியான கணத்தில் புகுந்தால், எழுதுவது நகலில் விழாமல் மூலத்திலேயே விழும். படிக்க மட்டும் அனுமதி உள்ளவர் கணினிக்கே எஜமானாகிவிடலாம்.

2005இலேயே டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு திருத்தம் போட்டார். அது எஸ்390 என்ற ஐபிஎம் பெருங்கணினிகளில் சிக்கலை உண்டாக்கியதால் திரும்பப் பெறப்பட்டது. அன்று அந்த ஓட்டை ஏட்டளவு ஆபத்துதான். காலப்போக்கில் நினைவகத்தைக் கையாளும் முறை மாற மாற, அதில் நுழைவது எளிதாகிவிட்டது. 2016 அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்ற பெயரோடு அது வெளியே வந்தபோது, அதை வைத்துத் தாக்குதலே நடந்திருந்தது.

2005இல் பின்வாங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். நேற்றுவரை ஓடிய கணினியை இன்று நிறுத்த யாருக்கும் மனம் வராது. உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. எஸ்390 சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. தடை போன பிறகும் யாரும் திரும்பி வரவில்லை. தள்ளிப்போட்டதைக்கூட மன்னிக்கலாம். தள்ளிப்போட்டதை மறந்தது?

இங்கேதான் உரிமத்தின் வரி போதாமல் போகிறது. அது பணத்துக்கும் வழக்குக்கும் பதில் சொல்லும். ஓட்டை இருப்பது தெரிந்தவருக்கு அந்தத் தெரிதலே ஒரு கடன். வாங்கியவர் காசு கொடுத்தாரா இல்லையா என்பதால் அது குறையாது.

டோர்வால்ட்ஸ் அந்தக் கடனை ஒப்புக்கொண்டார் என்றே நினைக்கிறேன். 2016 திருத்தத்தோடு சேர்த்த குறிப்பில், பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதைச் சரிசெய்ய முயன்றது தான்தான் என்றும், அதை மோசமாகச் செய்தேன் என்றும் எழுதினார். சொல்லாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தேடிப் பார்த்திருப்பார்கள்?

அந்தத் திருத்தத்திலும் ஒரு குறை இருந்தது. 2017 நவம்பரில் அது தெரியவந்து, அதையும் திருத்தினார்கள். நம் வாழ்க்கையிலும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று மூடிவைத்தவை உண்டு. அந்த அப்புறம் எப்போது என்று ஒரு தேதியாவது குறித்துவைக்கலாம்.