பின்தகட்டில் ஒரு கீறல்

காட்டுப்பள்ளியில் உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாயும் கழிமுகமும். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற இந்த மணல் திட்டில், நூறாண்டுப் பழைய மேசைக் கடிகாரங்களைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுவதை நான் பூஜையாகவே செய்கிறேன். ஞாயிறு காலை குளித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுப்பேன். எல்லாம் எட்டு நாள் கடிகாரங்கள். முகப்பில் இரண்டு துளைகள். வலது பக்கம் ஓட்டத்துக்கு, இடது பக்கம் மணி அடிக்க.

பெண்டுலம் வைத்த கடிகாரத்துக்கு முதலில் காது கொடுக்க வேண்டும். டிக் ஒரு அளவு, டக் ஒரு அளவு என்று நொண்டினால் சற்று நேரத்தில் நின்றுவிடும். ஒரு காலுக்கடியில் மடித்த காகிதத்தைச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பேன். இரண்டு ஒலிக்கும் நடுவே உள்ள மௌனம் இருபுறமும் சமமாகும்வரை வேறு எந்த நினைப்பும் வராது. தியானம் எனக்குக் கைகூடியது இப்படித்தான்.

இவற்றைச் செய்தவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தச்சு வேலை பழகிய சேத் தாமஸ், 1813-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தம் பெயரில் கடிகாரத் தொழில் தொடங்கினார். அவர் 1859-ல் மறைந்தார். அவர் தொழில் நடத்திய ஊருக்கே பின்னர் தாமஸ்டன் என்று பெயர் வந்தது. ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க்கில் 1861-ல் தொழில் தொடங்கிய எர்ஹார்ட் யுங்ஹான்ஸ் 1870-லேயே போய்விட்டார். பின்னாளில் அது உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலையாக வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. புரூக்ளினில் கொடிகட்டிப் பறந்த அன்சோனியா கடிகார நிறுவனத்தின் இயந்திரங்கள் 1929-ல் சோவியத் அரசுக்கு விலைபோயின. கடிகாரம் செய்தவர்களுக்கும் காலம் தவணை தரவில்லை.

சென்னையில் இன்னொன்று நடந்தது. மவுன்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையில் விற்ற கடிகாரங்கள் பலவற்றின் முகத்தில் கடையின் பெயரே இருக்கும். உள்ளே இயந்திரம் செய்தது எங்கோ ஒரு பட்டறை. பின்கதவைத் திறந்து, பித்தளைத் தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் வேறொரு கையெழுத்து தெரியும். ஊசிமுனையால் கீறிய ஒரு மாதம், ஒரு வருடம், சில சமயம் ஓர் எழுத்து. பழுது பார்த்தவர்கள் விட்டுப்போன குறிப்பு அது. உரிமையாளர் கண்ணில் அது படாது. அடுத்துத் திறக்கப்போகும் பழுதுபார்ப்பவருக்காக மட்டுமே எழுதியது. முகப்பில் பளபளக்கும் பெயரைவிட இந்தக் கீறல் முன்தான் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. பலன் கருதாத பணி எப்படியிருக்கும் என்று ஏட்டில் படித்திருக்கிறோம். இங்கே அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

வடக்கே பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் பழைய நிழற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. சாவி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். வெயில் வந்தால் தொழுகைக்கு நேரம் சொல்லும். அங்குள்ள ஏரியில் மீனவர்களுக்குப் பாடு முறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். தன் முறை வந்தால் இறங்கலாம், முடிந்தால் அடுத்தவருக்கு விட வேண்டும். ஏரி யாருக்கும் சொந்தமில்லை. இந்தக் கடிகாரங்களும் என்னுடையவை என்று ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். இப்போது இது என் முறை என்றுதான் தோன்றுகிறது.

பித்தளையைக் கீற எனக்கு மனம் வருவதில்லை. எண்ணெய் இட்ட மாதத்தையும் மாற்றிய ஸ்பிரிங்கின் அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின்கதவின் உட்புறம் ஒட்டி வைக்கிறேன். பெயர் எழுதுவதில்லை.