ஊர்தியும் உள்ளமும்

மனிதன் தன் உடைமைகளின் வாயிலாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விழைபவன். வீடும் நிலமும் அவன் செல்வத்தைக் காட்டுவன. ஆயினும் அவை இருந்த இடம்விட்டு நகர்வதில்லை. ஊர்தியோ உடையவனோடு ஊரெல்லாம் சென்று, அவனை அறியாதவரிடத்தும் அவனைப் பற்றிச் சான்று கூறுகிறது. அச்சான்றை நம்பி மனிதரை மதிப்பது அறமாகுமா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. மகிழுந்து தோன்றாத காலத்திலேயே வள்ளுவர் பல்லக்கைக் கொண்டு இதனை எழுப்பியுள்ளார். திருக்குறளின் 37ஆம் குறள் பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்ந்து செல்பவனையும் நம் கண்முன் நிறுத்துகிறது. அறத்தின் பயனை நூல் கொண்டு உணர்த்த வேண்டா, இவ்விருவரிடத்தும் கண்டே உணரலாம் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். அவ்வுரையின்படி பல்லக்கே ஒருவனது அறத்திற்குச் சான்றாகிறது. பிற்காலத்தார் சிலர் இதனை ஏற்கவில்லை. இவ்விருவர் நிலையைச் சுட்டிக்காட்டி, அறத்தின் வழி இதுவெனக் கூறற்க என்பதே குறளின் கருத்து என்றனர். வகுப்பறையில் உரை வேறுபாடாக மட்டும் தோன்றும் இது, வீதியில் இறங்கினால் வாழ்க்கைச் சிக்கலாகிவிடுகிறது.

ஊர்தியின்பால் உள்ளம் ஈர்க்கப்படுவது குற்றமன்று. மகிழுந்து என்னும் சொல்லிலேயே மகிழ்ச்சி அடங்கியுள்ளது. கால் இலேசாக அழுத்த, பெரும்பொறி ஒன்று நம் விருப்பத்திற்கு இணங்கி விரையும்போது, நம் ஆற்றலே பெருகியது போன்ற உணர்வு எழுகின்றது. மேலும், நாம் வண்டியை வெறும் இரும்பாகக் காண்பதில்லை. அதன் விளக்குகள் கண்களாகவும் முகப்பு முகமாகவும் நமக்குத் தோன்றுகின்றன. வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று, மக்கள் வண்டிகளின் முகப்பில் மனிதப் பண்புகளைக் காண்கின்றனர் என்றும், அகன்று தாழ்ந்த முகப்புடையவற்றை ஆற்றல் மிக்கவையாகக் கருதுகின்றனர் என்றும் தெரிவிக்கின்றது.

இவ்வியல்பான ஈர்ப்பின்மேல் வணிகம் ஓர் ஏணியைச் சாத்தியது. அமெரிக்காவில் என்றி போர்டு 1908இல் வெளியிட்ட ‘மாடல் டி’ வண்டி, எளியோரும் வாங்கத்தக்க விலையில் ஒரே வகையாகப் பெருகிற்று. 1927இல் அதன் உற்பத்தி நின்றபோது 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. எல்லாரிடத்தும் உள்ள ஒன்று எவரையும் உயர்த்திக் காட்டாது அன்றோ? இதனை உணர்ந்த செனரல் மோட்டார்சு நிறுவனம், 1920களில் செவர்லே முதல் காடிலாக் வரை வருவாய்க்கேற்ற படிகளை வகுத்தது. அன்றுமுதல் வண்டி மாற்றுவது தேவையை மட்டும் பொறுத்ததாக இல்லை, படியேறுவதாகவும் ஆயிற்று.

இவ்வேணி நம் கண்ணை எவ்வளவு மயக்குகிறது என்பதற்கு 2010இல் வெளிவந்த கார்டிப் நகர ஆய்வு சான்றாகும். ஒரே ஆடவன் பென்ட்லி வண்டியில் அமர்ந்திருக்கும் படமும், விலை குறைந்த போர்டு பியசுட்டாவில் அமர்ந்திருக்கும் படமும் பெண்களுக்குக் காட்டப்பட்டன. பென்ட்லியில் இருந்தபோதே அவன் மிகுந்த கவர்ச்சியுடையவனாக மதிப்பிடப்பட்டான். பெண்ணின் படத்தை மதிப்பிட்ட ஆடவரிடம் வண்டியால் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இது கொண்டு பெண்களைப் பழித்தல் பேதைமை. ஆடவரும் பிறிதோரிடத்தில் அவ்வேணிக்குத் தலைவணங்குபவரே.

அதனைக் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. 1968இல் வெளிவந்த அவ்வாய்வில், போக்குவரத்து விளக்கு பச்சையாக மாறிய பின்னும் நகராது ஒரு வண்டி வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டது. பழைய எளிய வண்டி வழிமறித்தபோது, பின்னால் இருந்தவருள் நூற்றுக்கு 84 பேர் ஒலிப்பானை அழுத்தினர். விலையுயர்ந்த வண்டி மறித்தபோதோ நூற்றுக்கு 50 பேரே அழுத்தினர். இதனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. இத்தகைய நிலையில் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களைத் தனியே வினவியபோது, விலையுயர்ந்த வண்டிக்கே விரைந்து ஒலிப்போம் என்றனர் ஆடவர். செல்வத்திற்கு அஞ்சோம் என்று வாய் கூறுகிறது, கையோ தயங்குகிறது. தான் தலைவணங்குவதைத் தானே அறியாதிருத்தல்தான் இதிலுள்ள பெருங்கேடு.

இனி நம் நாடுகளை நோக்குவோம். மலேசியாவில் 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, சொந்த வண்டி என்னும் கனவு நடுத்தரக் குடும்பங்களை நெருங்கி வந்தது. இரப்பர்த் தோட்டங்களில் நடந்தே தேய்ந்த கால்களின் வழித்தோன்றல்கள், வாசலில் முதல் வண்டியை நிறுத்தி மாலையிட்டு மகிழ்ந்ததை வீண் பகட்டு என்று எவரும் இகழலாகாது. அது தலைநிமிர்வின் அடையாளம். ஆயின், அவ்வடையாளமே அளவுகோலாகும்போது தீங்கு தொடங்குகிறது. அண்டை வீட்டாரின் வண்டியைக் கண்டு, ஒன்பதாண்டுத் தவணையில் கடன்பட்டு, பிள்ளையின் கல்விக்குரிய பணத்தை வண்டிக்கு இறைப்போர் இலரா? மணமகனின் குணத்தைக் கேட்கும் முன்னரே அவன் வண்டியைக் கேட்போர் இலரா? சிங்கப்பூரில் 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்புக்கு வந்தது. ஏலத்தில் பெறும் அச்சான்றிதழ் பத்தாண்டுக்கு வண்டி வைத்திருக்கும் உரிமையைத்தான் அளிக்கிறது. வண்டியில் அமர்ந்திருப்பவரின் தகுதிக்கு அது சான்றன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளத்தக்க இடம் பள்ளி வாயில்தான். பெரிய வண்டியில் வந்திறங்கும் பெற்றோரை எழுந்து நின்று வரவேற்கும் நாம், பழைய மோட்டார் சைக்கிளில் வியர்வையோடு வரும் தந்தையையும் அவ்வாறே வரவேற்கிறோமா? தோழனைத் தேர்ந்தெடுக்கும் மாணவன் அவனது உள்ளத்தை நாடுகிறானா, அவன் வந்திறங்கும் வண்டியை நாடுகிறானா? தன் தந்தைக்குக் கிடைக்கும் மரியாதையின் அளவை ஒரு பிள்ளை கண்டு நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. அப்பிள்ளை அன்று கற்கும் பாடத்தை எந்த நூலாலும் பின்னர் மாற்றுதல் அரிது.

தமிழ் மரபு போற்றும் தேர்களுள் பாரியின் தேர் தலையாயது. அதன் அழகையோ விரைவையோ நாம் அறியோம். படரக் கொம்பின்றித் தளர்ந்த முல்லைக்கு அதனை அவன் அளித்தான் என்பது மட்டுமே நினைவில் நிற்கிறது. வண்டியை விரும்புவோம், வாய்ப்பிருந்தால் வாங்குவோம், நோயுற்றவரையும் முதியவரையும் ஏற்றிச் செல்வோம். ஆனால், ஒரு மனிதரை மதிப்பிடும் வேளையில் அவர் வண்டியினின்று இறங்கும்வரை பொறுத்திருப்போம். அதற்குப் பின் அவர் பேசும் சொல்லும் செய்யும் செயலுமே அவரைப் பற்றிய மெய்ச்சான்றுகளாகும்.