எந்த வெள்ளி?

பொம்மைக் காருக்கு வர்ணம் பூசுவதில் சத்தியப் பிரச்னை என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். வளர்ந்தவர்களின் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் பழைய பந்தயக் காரொன்றை 1/43 அளவில் செய்து, குறிப்பிட்ட ஒரு நாளில் அது எந்த நிறத்தில் இருந்ததோ அதையே பூசுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவன், சரித்திரம் எழுதுகிறவன் தட்டிக்கழித்துவிடக்கூடிய ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறான். சரித்திரக்காரன் இரு தரப்பு வாதத்தையும் சொல்லி, முடிவை வாசகனுக்கு விட்டுவிடலாம். இவன் ஏதாவது ஒரு டப்பாவைத் திறந்தாகவேண்டும்.

மெர்ஸிடிஸ்-பென்ஸின் டபிள்யூ 25 காரை எடுத்துக்கொள்வோம். 1934 ஜூன் 3ந் தேதி, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில், ஐஃபல் பந்தயத்தில் மான்ஃபிரெட் ஃபான் பிரௌஹிட்ஷ் அதை ஓட்டி ஜெயித்தார். அந்நாளைய வழக்கப்படி பிரான்ஸுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை, ஜெர்மனிக்கு வெள்ளை. பந்தயக் குழுவின் மேலாளர் ஆல்ஃபிரெட் நொய்பாவர் பிற்பாடு தம் நினைவுக் குறிப்புகளில் சொன்ன கதை பிரசித்தம். கார் 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. முந்தின நாள் தராசில் ஏற்றினால் 751. இரவோடிரவாக வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார்கள். காலையில் அலுமினியம் பளபளத்தது. 'வெள்ளி அம்பு' பிறந்தது.

கதையில் ஓட்டைகள் இருக்கின்றன. அந்தக் குறிப்பிட்ட பந்தயம் எடை விதிக்கு உட்பட்டதே அல்ல என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 1932லேயே பெர்லினின் ஆவுஸ் களத்தில் அதே பிரௌஹிட்ஷ் வர்ணம் பூசாத அலுமினிய உடல் கொண்ட மெர்ஸிடிஸ் ஒன்றில் ஜெயித்திருக்கிறார். வெள்ளி அம்பு என்ற பேச்சும் அப்போதே எழுந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் உதவிக்கு வருவதில்லை. வெயிலில் நிற்கும் வெள்ளையும் வெயிலில் நிற்கும் வெள்ளியும் அதில் ஏறக்குறைய ஒன்றுதான்.

பந்தய தினத்தன்று கார் வெள்ளிதான் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. எந்த வெள்ளி என்பதே கேள்வி. கதையை நம்பினால், சுரண்டிய தடம் தெரியும் வெற்று அலுமினியம். ஆணி இடுக்குகளில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருக்கலாம். நம்பாவிட்டால், தொழிற்சாலையிலிருந்தே திட்டமிட்டு வந்த, வழுவழுப்பான வெள்ளி. டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது அவன் ஒரு சாட்சியத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறான்.

அந்தக் கதை ஏன் இவ்வளவு பிரியமாகச் சொல்லப்படுகிறது என்று யோசிக்கவேண்டும். அதில் ஒரு தராசு, சில மெக்கானிக்குகள், தூக்கமில்லாத ஓர் இரவு, அவசரத்தில் பிறந்த ஒரு யுக்தி, அவ்வளவுதான். அரசாங்கம் அதில் இல்லை. நிஜத்தில் அரசாங்கம் இருந்தது. 1933ல் ஆட்சிக்கு வந்த ஹிட்லரின் அரசு டெய்ம்லர்-பென்ஸுக்கும் ஆட்டோ யூனியனுக்கும் பந்தயக் கார் கட்டப் பணம் கொடுத்தது. அந்த வெள்ளிக் கார்களின் வால்பகுதியில், ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால், நாஜிகளின் ஸ்வஸ்திகா ஏறியது. வெள்ளிக்கு நிரபராதப் பிறப்பு ஒன்றைக் கற்பித்துத் தருகிறது சுரண்டிய கதை.

இங்கே இரண்டு வகைப் பொய்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். அசல் காரின் பெயின்ட்டையே கொண்டுவந்து மாடலில் பூசினால் தப்பாகத் தெரியும். ஓரடி தூரத்தில் 1/43 மாடலைப் பார்ப்பது, 43 அடி தூரத்தில் காரைப் பார்ப்பதற்குச் சமம். உலோகத் துகள் சின்ன உடம்பில் மணல்போல் உறுத்தும். நிறம் இருண்டு கனக்கும். எனவே கைதேர்ந்தவன் துகளை நுணுக்கி, நிறத்தைச் சற்று வெளுக்கவைக்கிறான். இது பார்வையின் தூரத்தை ஒப்புக்கொள்ளும் பொய். உண்மைக்குச் செய்யும் ஊழியம். மற்றது மனசின் சௌகரியத்துக்காகச் சொல்லப்படும் பொய். 1930களின் பிற்பகுதிக் காரொன்றைச் செய்கிறவன், வெள்ளியின் சாயல் சாம்பல் பக்கமா நீலத்தின் பக்கமா என்று மாதக் கணக்கில் அலைகிறான். வாலிலுள்ள சின்னத்தை மாத்திரம் ஒரு நொடியில் விட்டுவிடுகிறான். அப்புறம் 'அச்சு அசல்' என்கிறான்.

சின்னத்தை விடுவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஜெர்மன் சட்டம் அதைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தண்டிக்கிறது. சரித்திரம், கல்வி, கலை போன்றவற்றுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. சட்டம் இல்லாத இடத்திலும், கொலைகாரர்களின் முத்திரையைத் தன் கையால் வரைந்து கூடத்து அலமாரியில் வைக்க ஒருவனுக்கு அருவருப்பு வரலாம். அந்த அருவருப்பு மதிக்கத்தக்கது. ரசித்து ரசித்து அதை வரைகிறவனைவிட இவன் எவ்வளவோ மேல். ஆனால் அருவருப்பு நாணயமானதென்றால் அது தன்னை அறிவித்துக்கொள்ளவேண்டும். 'இங்கே ஒரு சின்னம் இருந்தது, நான் வரையவில்லை' என்று மாடலின் அடிப்பலகையில் ஒரு வரி எழுதினால் போதும். விடுபட்ட இடம் அப்போது மறைப்பாக இராது. அதுவும் ஒரு சாட்சியமாகிவிடும்.

செலவில்லாத இடத்தில் மட்டும் உண்மையாக இருப்பது நம் காலத்துக்குப் பழகிப்போன ஒழுக்கம். சாயலில் துல்லியம், சாரத்தில் மௌனம். எழுத்திலும் இது நடக்கிறது. வட்டார வழக்கை எழுத்துப் பிசகாமல் பதிவு செய்துவிட்டு, அந்த ஊரில் யார் எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும் கதைகள் நமக்கு அன்னியமல்ல. விவரத்தின் மீதுள்ள பக்தி, விவரங்களில் ஒன்றிலிருந்து தப்பிப்பதற்கான வழியாகிவிடுகிறது.

1934 ஜூன் 3க்குத் திரும்பினால், நான் வழுவழுப்பான வெள்ளியைத்தான் பூசச் சொல்வேன். சுரண்டிய அலுமினியம் கண்ணுக்கு அழகு, சொல்வதற்கும் அழகு. அந்த அழகே அதைச் சந்தேகிக்கப் போதுமான காரணம். வழக்கு இன்னும் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. நாளைக்கு வேறு சாட்சியம் கிடைத்தால் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். அந்தச் சுரண்டலாவது நிஜமாக நடந்ததாக இருக்கும்.