வண்டியில் ஏறிய பொருள்கள்

நமக்குத் தேவையானது எது, நாம் ஆசைப்படுவது எது? நிலைத்து ஓரிடத்தில் வாழ்வோர் இக்கேள்வியைத் தள்ளிப்போடலாம். வண்டி பூட்டிப் புறப்பட நிற்போர் தள்ளிப்போட இயலாது.

1862ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இயற்றிய குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைக்க வழிசெய்தது. அதை நம்பிப் பல குடும்பங்கள் மரமற்ற புல்வெளிகளை நோக்கிப் புறப்பட்டன. வண்டியிலோ இடம் குறைவு. கலப்பை, கோடரி, விதை, மாவு, இரும்புச் சட்டி ஆகியவை ஏறின. எஞ்சிய இடத்தில் ஏறியவையே நம்மைச் சிந்திக்க வைக்கின்றன: ஒரு கடிகாரம், பாட்டியின் பீங்கான் தட்டு, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வை, பிறப்பும் இறப்பும் குறிக்கப்பட்ட குடும்ப விவிலியம். நார்வே நாட்டவர், பெயரும் ஆண்டும் தீட்டிய மரப்பெட்டிகளோடு கடல் கடந்து வந்தனர்.

மரம் இல்லாத அந்நிலத்தில், புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினர். மழை பெய்தால் கூரை ஒழுகியது. 1880களில் நெப்ராஸ்காவில் இவ்வீடுகளைப் படமெடுத்தவர் சாலமன் புட்சர். ஒரு குடும்பத்தினர் தம் மண்வீட்டைப் படத்தில் காட்ட விரும்பவில்லை. காலால் மிதித்து இசைக்கும் தம் ஆர்கனை முற்றத்திற்குக் கொணர்ந்து, அதனருகே நின்றனர். வீண் பெருமை என்று நாம் எளிதில் தீர்ப்பிடலாம். ஆனால் உழவும் குளிரும் ஒருவரை வெறும் உழைக்கும் கைகளாகக் குறுக்கிவிடும்போது, பயனற்றதாகத் தோன்றும் ஒரு பொருளே அவர் மனிதர் என்பதற்குச் சான்றாகிறது. தேவை என்பது பயனால் மட்டும் அளக்கப்படுவதன்று.

எனினும் இங்கே நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையையே கண்டவராவோம். அந்நிலம் ஆளற்றதாக இருக்கவில்லை. நெப்ராஸ்காவில் தலைமுறை தலைமுறையாகச் சோளம் பயிரிட்ட பானி இன மக்கள், 1870களில் தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்ந்து செல்ல நேர்ந்தது. அவர்களும் தம் உடைமைகளில் அரியவற்றைச் சுமந்து சென்றனர்; முன்னோர் காத்த சோள விதைகள் அவற்றுள் அடங்கும். புதிய மண்ணில் அவை செழிக்கவில்லை. ஆயினும் சில பிடி விதைகளைப் போற்றி வைத்திருந்தனர். 2000களில் நெப்ராஸ்காத் தோட்டக்காரர் சிலரின் துணையோடு அவ்விதைகள் பழைய மண்ணிலேயே மீண்டும் ஊன்றப்பட்டன, விளைந்தன.

ஒரே நிலத்திற்கு ஒருவர் பெட்டியோடு வந்தார். அங்கிருந்து மற்றவர் விதையோடு வெளியேறினார். இரண்டிலும் இருந்தது நினைவுதான். நம் பாட்டியின் பாத்திரத்தை விற்க மனமின்றி வைத்திருக்கும் நாம், அந்தப் பற்றுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதே பற்று பிறர் நெஞ்சிலும் உண்டென உணராதபோது, நம் நினைவே அநீதிக்குத் திரையாகிவிடும். நம் பெட்டியை இறக்கி வைக்கும் இடத்தில், முன்பு யாருடைய பெட்டி இருந்தது என்று நாம் கேட்டதுண்டா?